எண்ணிக் கொடுத்தலும் எண்ணி வாங்கலும்

கூட்டுறவுக் கடை ஒன்றின் கணக்கைப் பார்வையிடச் செல்லும் ஆய்வாளர் முதலில் செய்ய வேண்டிய வேலை பேரேட்டைப் பிரிப்பதன்று. கல்லாப் பெட்டியைத் திறந்து அதிலுள்ள ரொக்கத்தை எண்ணுவதேயாகும். காலை இருப்போடு அன்றைய விற்பனையைக் கூட்டிச் செலவைக் கழித்தால் வரும் தொகையும், பெட்டியில் கிடக்கும் தொகையும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒன்றாக இருந்தால் யாவர்க்கும் மகிழ்ச்சி. குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்னும் வினா எழுகிறது. மிகுந்திருந்தாலும் அதே வினா எழ வேண்டும். இந்த இரண்டாவது வினாவைக் கேட்கத் தவறி, குற்றமற்ற ஒரு பெண்ணின்மீது பழி சுமத்தும் நிலைக்கு நான் ஒருமுறை வந்துவிட்டேன். அதனையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட சிறு கைத்திறன் ஒன்றையும் அங்கத்தினர்களின்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவையிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் இருக்கும் கருமத்தம்பட்டியையும், அதனை அடுத்த சோமனூரையும் நம் அங்கத்தினர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. விசைத்தறியின் ஓசை இரவிலும் ஓயாத வட்டாரம் இது. தறிக்கூலி பெரும்பாலும் வாரக் கடைசியில் கைக்கு வருகிறது. ஆகவே சனிக்கிழமை மாலையில் கடைகளில் கூட்டம் மிகும். வருவோரில் பலர் கையில் 500 ரூபாய் நோட்டோடு வருவர். வாங்குவது 100 அல்லது 150 ரூபாய்ச் சரக்காக இருக்கும். மீதிச் சில்லறை கொடுக்கும் வேலை அன்று மாலை மட்டும் நூறு முறைக்குக் குறையாது.

தகரப் பெட்டியில் இருந்த 47 ரூபாய்

எனது சரகத்தைச் சேர்ந்த சங்கம் ஒன்றின் பண்டகசாலை அது. பெயர் இங்கே வேண்டுவதில்லை. விற்பனையாளர் வணிகவியல் பட்டம் பெற்ற இளம் பெண். விலையைக் கூட்டவும், கொடுத்த பணத்திலிருந்து கழித்து மீதியைக் காட்டவும் வல்ல இயந்திரம் ஒன்று அவர்முன் இருந்தது. ஆயினும் ஐந்து மாதங்களாக அக்கடையின் ரொக்கத்தில் குறைவு விழுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் 40 ரூபாய், ஒருநாள் 63, ஒருநாள் 95. குறைந்ததையெல்லாம் அப்பெண் தம் சம்பளத்திலிருந்து கட்டி வந்தார். நிர்வாகத்தினரும் அவரை ஐயுறத் தொடங்கியிருந்தனர்.

முன்னறிவிப்பின்றி நான் சென்று பார்வையிட்டபோது, மேசையின் அடியில் ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. அதனுள் 47 ரூபாய் நாணயங்கள் இருந்தன. எந்தக் கணக்கிலும் வராத பணம்! இனி ஆராய என்ன இருக்கிறது என்று எண்ணினேன். சங்கத்தின் பணத்தைக் கையாடியவரிடமிருந்து அதனை மீட்பதற்கு 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 87-ஆவது பிரிவு இருக்கிறது. அப்பிரிவின்கீழ் விதிப்பதைத் தண்டத்தீர்வை என்கிறோம். தொகை சிறிதாயினும், அச்சொல் ஒருவர் பெயரோடு சேர்ந்துவிட்டால் அவர் வேறெங்கும் கல்லாப் பெட்டியின்முன் அமர இயலாது. இதனை அறிந்திருந்தும் என் பேனா அறிக்கையை எழுதத் தொடங்கிவிட்டது.

அப்பொழுது அப்பெண் ஒரு சிறு குறிப்பேட்டை என் முன் வைத்தார். அதில் தேதிவாரியாகக் குறைவுகள் எழுதப்பட்டிருந்தன, மிகுதிகளும் எழுதப்பட்டிருந்தன. ஒருநாள் 2 ரூபாய் மிகுதி, மற்றொரு நாள் 5 ரூபாய் மிகுதி. மிகுந்ததைத் தகரப் பெட்டியில் இட்டு வைத்து, குறைவு விழும் நாளில் அதிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தார்; போதாததற்குத் தம் கைப்பணத்தைச் சேர்த்திருந்தார். குறிப்பேட்டின்படி பெட்டியில் இருக்க வேண்டிய மீதி 47 ரூபாய். பெட்டியில் இருந்ததும் அதுவே.

இது விதிக்குப் புறம்பானது என்பதில் ஐயமில்லை. ரொக்கத்தில் மிகுதி ஏற்பட்டால் அதனை அன்றைக்கே வரவில் வைக்க வேண்டும். ஆயினும் அக்குறிப்பேடு ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்லிற்று. களவாடும் கையில் குறைவு மட்டுமே விழும், மிகுதி விழாது. குறைவும் மிகுதியும் மாறிமாறி விழுமாயின், அங்கே இருப்பது களவன்று, தடுமாற்றம். நான் பேனாவை மூடிவிட்டு, அடுத்த சனிக்கிழமை மாலை முழுதும் அக்கடையில் ஓர் ஓரமாக அமர்ந்திருந்தேன்.

63 ரூபாய் போன வழி

இருட்டும் வேளையில் ஓர் அம்மையார் 137 ரூபாய்க்குச் சரக்கு வாங்கி 200 ரூபாய் நோட்டைக் கொடுத்தார். இயந்திரம் 63 என்று காட்டிற்று. விற்பனையாளர் ஐம்பது, பத்து, இரண்டு, ஒன்று என 63 ரூபாயை எடுத்துப் பலகையின்மேல் வைத்தார். அதற்குள் அம்மையார் தம் சுருக்குப் பையைத் தடவி 37 ரூபாயைக் கண்டெடுத்து, “இதையுஞ் சேத்து நூறாக் குடு அம்மிணி” என்றார். பின்னால் பன்னிரண்டு பேர் காத்திருந்தனர். விற்பனையாளர் 37-ஐ வாங்கிப் பெட்டியிலிட்டு, 100 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். முன்பு வைத்த 63 ரூபாய் பலகையின்மேலேயே கிடந்தது. அம்மையார் அதனையும் சேர்த்து வாரிப் பைக்குள் இட்டுக்கொண்டு நடந்தார்.

நான் எழுந்து சென்று, பணத்தை எண்ணிப் பார்க்குமாறு பணிவோடு கேட்டேன். எண்ணிய அவர் திடுக்கிட்டு, “சங்கத்துக் காசு எனக்கெதுக்குங்க!” என்று 63 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்தவரும் திருடரல்லர், கொண்டுசென்றவரும் திருடரல்லர். இருவரும் எண்ணவில்லை என்பதே குற்றம்.

மிகுதி வந்த வழியும் அன்றே புலனாயிற்று. ஒருவர் 152 ரூபாய்ச் சரக்குக்கு, 50 ரூபாய் நோட்டாகத் திரும்பி வரட்டும் என்று கருதி 202 ரூபாய் கொடுத்தார். விற்பனையாளர் இயந்திரத்தில் 200 என்று பதிந்தார். அது 48 என்றது. அவரும் 48 கொடுத்தார். வாங்கியவர் எண்ணாமல் சென்றார். பெட்டியில் 2 ரூபாய் மிகுந்தது. இயந்திரம் இரண்டு இடத்திலும் பிழையாகக் கணக்கிடவில்லை. அதற்குச் சொல்லப்பட்டதை அது சரியாகவே கழித்தது. பலகையின்மேல் நிகழ்ந்தது வேறு. இயந்திரம் அறிந்தது வேறு.

ஏணி ஏறும் கணக்கு

அன்று வரிசையில் நின்றவர்களுள் எண்பது வயதுள்ள பெரியவர் ஒருவர் இருந்தார். முன்னொரு காலத்தில் கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தவர். நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், கூட்டம் கலைந்தபின் அப்பெண்ணிடம், “அம்மிணி, கழிக்காதே, ஏணி ஏறு. சரக்கு வெலையில நின்னு, அவங்க குடுத்த ரூபா வரைக்கும் ஏறிப் போ” என்றார். பிறகு சில்லறையை எடுத்துத் தாமே செய்து காட்டினார்.

சரக்கின் விலை 137, கொடுத்தது 200. முதலில் சரக்கைத் தள்ளி வைத்து “நூற்று முப்பத்தேழு” என்றார். ஒரு ரூபாயை வைத்து “முப்பத்தெட்டு” என்றார். இரண்டு ரூபாயை வைத்து “நாற்பது” என்றார். பத்து ரூபாயை வைத்து “ஐம்பது” என்றார். ஐம்பது ரூபாய் நோட்டை வைத்து “இருநூறு” என்று முடித்தார். மீதி எவ்வளவு என்று அவர் ஒருமுறையேனும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆயினும் வைத்த தொகை 63 ரூபாய். ஒரு காசு கூடவுமில்லை, குறையவுமில்லை.

இம்முறையில் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, கழித்தலைக் காட்டிலும் கூட்டல் எளிது. அவசரத்தில் பிழை நேர்வது குறைவு. இரண்டாவது, சரிபார்க்கும் வேலை இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. சரக்கின் விலையும் மீதியும் சேர்ந்து கொடுத்த தொகையில் வந்து நிற்க வேண்டும். நில்லாவிடில் பிழை அங்கேயே தெரிந்துவிடும். ஆரம்ப இருப்பும் வரவும் ஒருபுறம், செலவும் முடிவு இருப்பும் மறுபுறம் என நாம் நாள்வழியைச் சமன் செய்கிறோமே, அதே நீதிதான் இது. மூன்றாவது நன்மையே தலையாயது. கணக்கு வாய்விட்டு, வாங்குபவரின் கண்ணெதிரே நடக்கிறது. விற்பவர் தவறினால் வாங்குபவர் திருத்தலாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தறி ஓட்ட வந்திருக்கும் தொழிலாளர், தமிழ் அறியாதவராயினும், ஒவ்வொரு நாணயமாக உள்ளங்கையில் விழும்போது கணக்கைத் தாமே கண்டுகொள்கின்றனர்.

பெரியவர் மேலும் இரண்டு வழக்கங்களைக் கூறினார். வாங்கிய நோட்டை உடனே பெட்டிக்குள் இடலாகாது. மீதியைக் கொடுத்து முடிக்கும்வரை அதனைப் பெட்டியின்மேல் இருவருக்கும் தெரிய வைத்திருக்க வேண்டும். “நான் கொடுத்தது 500, நீ 200 என்கிறாய்” என்னும் வழக்கு அதனால் எழாது. மற்றொன்று, இடையில் எவரேனும் சில்லறை சேர்த்துக் கொடுத்தால், பலகையில் வைத்ததையெல்லாம் திரும்பப் பெட்டியில் இட்டுவிட்டுக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வாறு செய்திருந்தால் அந்த அம்மையாரின் கணக்கு ஒரே படியில் முடிந்திருக்கும். சரக்கு 137, மேலே 100 வைத்தால் 237, அவர் கொடுத்ததும் அதுவே.

“சரிங்க அப்பாரு” என்று அப்பெண் அன்றிரவே பத்து முறை செய்து பழகினார்.

இத்திறன் எங்கிருந்து வந்தது?

வாய்விட்டு எண்ணுதல் நம் நாட்டுக்குப் புதியதன்று. களத்துமேட்டில் தவசத்தை வள்ளத்தால் அளப்பவர் ஒன்று என்று தொடங்காமல் “லாபம்” என்று தொடங்கி, இரண்டு, மூன்று என உரக்கச் சொல்லிக்கொண்டே அளந்ததை நம்மில் முதியவர்கள் கேட்டிருப்பார்கள். அது மங்கலத்துக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. குடியானவரும், பங்காளியும், கூலியாளும் சூழ்ந்து நிற்க, எல்லோர் காதிலும் விழும்படி அளப்பதே நியாயமான அளவை என்று கருதப்பட்டது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை உரக்க ஓதி மனனம் செய்வித்ததும் இத்தகையதே. அரை, கால், அரைக்கால், மாகாணி எனும் பின்ன வாய்பாடு பத்து வயதுப் பிள்ளையின் நாவில் இருந்தது. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் அது அன்றாடக் கடைவீதிக் கணக்காயிற்று.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. அதற்குமுன் ஒரு ரூபாய் 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி. பழைய நாணயமும் புதிய நாணயமும் ஒருங்கே வழங்கிய அந்த ஆண்டுகளில் மீதி கொடுப்பது எத்துணைக் கடினம் என்று எண்ணிப் பாருங்கள். மாற்று அட்டவணைப்படி ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஓரணாவாக நான்கு முறை மாற்றினால் 24 நயா பைசா. நான்கையும் ஒருங்கே மாற்றினால் 25. இந்த ஒரு நயா பைசா யாரைச் சேர்வது என்று தெரிந்து நடக்க விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதாயிற்று. நமக்குக் கற்பித்த பெரியவர் சிறுவராக இருந்து கடைவீதியில் கணக்குப் பயின்றது அக்காலத்திலேதான். 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘நயா’ என்னும் அடைமொழி நீங்கிற்று. 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாதவையாயின. கணக்கு எளிதாக எளிதாக, எண்ணும் பழக்கமும் நம்மைவிட்டு நீங்கி வந்திருக்கிறது.

இயந்திரத்தின் வரலாறும் அறியத்தக்கது. பணப்பதிவு இயந்திரத்துக்கு முதன்முதலில் 1879-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி என்பவர். தம் பணியாட்கள் பணத்தைக் கையாடுவதைத் தடுக்கவே அவர் அதனைச் சமைத்தார். விற்ற தொகையை அது வெளிப்படக் காட்டிற்று, மீதியைக் கணக்கிடவில்லை. அதன்பின் பல்லாண்டுகள் வரையில், பதிவு செய்வது இயந்திரத்தின் வேலையாகவும், மீதியை எண்ணிக் கொடுப்பது மனிதரின் வேலையாகவும் இருந்தன. மின்னணு இயந்திரங்கள் பரவியபின்னரே மீதித் தொகையும் எழுத்தாக முன்னால் நிற்கலாயிற்று. கண்ணால் கண்டதைக் கையால் எடுத்துக் கொடுப்பதே போதும் என்னும் நிலை வந்தது.

இயந்திரம் வேண்டாம் என்பதா?

அவ்வாறு கூறுவது பேதைமையாகும். இயந்திரத்தின் விற்பனைச் சீட்டு இல்லாவிடில் என் போன்றவர்களின் தணிக்கை ஒருநாளும் முடியாது. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறையின் வழியே கைபேசியால் பணம் செலுத்துவோருக்குச் சில்லறை வழக்கே இல்லை; 137 என்றால் 137-ஐயே செலுத்தலாம். அது பரவுவது நன்மையே. ஆனால் கூலியை ரொக்கமாகப் பெறுவோரும், கைபேசியில் பணம் செலுத்த அஞ்சும் முதியோரும் நம் அங்கத்தினர்களுள் இன்னும் பலர். மின்சாரம் தடைப்படும் மாலையும், கைபேசித் தொடர்பு கிட்டாத பொழுதும் உண்டு. அந்நேரத்தில் விற்பனையாளர் கைகட்டி நிற்பாரேயானால், சங்கத்தின் வணிகமும் நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணிக் கொடுக்கும் பழக்கம் குன்றிய இடத்தில், சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் பழக்கம் வளர்ந்திருக்கிறது. மிட்டாய் நாணயமன்று. நாம் அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்தால் எந்தக் கடையும் ஏற்பதில்லை என்பதே இதற்குச் சான்று. 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் வழக்கமும் நம் பக்கத்தில் இருந்து வருகிறது. வழங்கிவரும் 14 வகை 10 ரூபாய் நாணயங்களும் செல்லத்தக்கவையே என்று ரிசர்வ் வங்கி 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்திருக்கிறது. 50 பைசாவும் இன்னும் செல்லும் நாணயமே. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தின்படி, ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்களை 1,000 ரூபாய் வரையிலும், 50 பைசா நாணயங்களை 10 ரூபாய் வரையிலும் கொடுத்துக் கடனைத் தீர்க்கலாம். செல்லும் நாணயத்தை நாமே ஒதுக்கிவிட்டு, சில்லறை கிடைக்கவில்லை என்று வருந்துவது பொருந்துமா?

நாம் செய்யத்தக்கவை

1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் கூடித் தொடங்கிய கடையே இன்றைய நுகர்வோர் கூட்டுறவுக்கு முன்மாதிரி. ரொக்க விற்பனை, கலப்படமற்ற சரக்கு, சரியான எடை ஆகியன அவர்கள் கைக்கொண்ட நெறிகள். நம் மாநிலத்தில் 1904-ஆம் ஆண்டில் தோன்றிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலையும் அவ்வழியைப் பின்பற்றியதே. சரியான எடையைப் போலவே சரியான மீதியும் கூட்டுறவுக் கடையின் இலக்கணமாகும். தனியார் கடையில் மீதி தவறினால் நட்டம் ஒருவருடையது. நம் கடையில் தவறினால் அது நம் அனைவருடையதுமாகும். அல்லது, குறைந்த சம்பளத்தில் உழைக்கும் ஒரு விற்பனையாளரின் தலைமேல் விழுகிறது.

ஆதலின் மூன்று யோசனைகளைப் பணிவோடு கூறுகிறேன். சங்கங்கள் புதிய விற்பனையாளரை இயந்திரத்தின்முன் அமர்த்துமுன், இயந்திரமின்றி ஒரு வார காலம் எண்ணிக் கொடுக்கப் பழக்கட்டும். ரொக்கக் குறைவைப் போலவே மிகுதியையும் அச்சமின்றி அன்றே வரவில் வைக்கலாம் என்னும் உறுதியை நிர்வாகக் குழு பணியாளருக்கு அளிக்கட்டும். மிகுதியை ஒளிக்கச் செய்வது அச்சமே. நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடும் கூட்டுறவு வாரத்தில், நம் பிள்ளைகளுக்கு மீதி எண்ணிக் கொடுக்கும் போட்டி ஒன்றை வைக்கலாம். பேச்சுப் போட்டியை விட அது அவர்களுக்கு நெடுநாள் பயன்படும்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டமாக இருக்கிறதே என்று அவசரப்படாமல், உள்ளங்கையை விரித்து, கடைசி நாணயம் விழும்வரை நின்று எண்ணிப் பாருங்கள். அது விற்பனையாளரை ஐயுறுவதாகாது. அவருக்கு நீங்கள் செய்யும் உதவியே ஆகும்.

அப்பெண்ணைப் பற்றி நான் எழுதிய அறிக்கையில், மிகுதியை வரவில் வையாதது தவறு என்று குறிப்பிட்டு எச்சரிக்கை செய்யலாம் என்றும், கையாடல் ஏதுமில்லை என்றும் எழுதினேன். அதன்பின் மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் அக்கடைக்குச் சென்றேன். அந்த மூன்று மாதங்களில் ஒரே ஒரு நாள் மட்டும் ரொக்கம் ஒவ்வாதிருந்தது. 1 ரூபாய் மிகுதி. அது அன்றைய தேதியிலேயே வரவில் வைக்கப்பட்டிருந்தது. மேசையின் அடியில் தகரப் பெட்டி இல்லை.